உடைந்த கடைவாய்ப் பல்: காப்பாற்றுவதா, எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைப்பதா?

வாசகி எழுதிய கடிதம்:

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, என் வயது 46. ஊர் மண்டபம். கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். எனக்கு வலதுபக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் 12 வருடங்களுக்கு முன்பு சொத்தையைச் சுரண்டி அடைத்தார்கள். போன மாதம் பனங்கற்கண்டைக் கடித்தபோது அந்தப் பல்லின் நாக்குப் பக்கத்துச் சுவர் அப்படியே பெயர்ந்து வந்துவிட்டது. முதலில் சூடாக டீ குடித்தால் வலி அடங்கக் கால் மணி நேரம் ஆனது. மூன்று இரவு தூங்கவில்லை. இப்போது இரண்டு வாரமாக வலியே இல்லை. இராமநாதபுரத்தில் பார்த்த டாக்டர், வேர் சிகிச்சை செய்து, மேலே கேப் என்கிற உறையைப் போட்டால் பல் நிற்கும் என்கிறார். மதுரையில் பார்த்தவர், எடுத்துவிட்டு இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் ஆணி பதித்து அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல், வைப்பதுதான் நிரந்தரம் என்கிறார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன், 'ஒரே பல்லுக்கு இரண்டு செலவு வேண்டாம்மா, இப்போதைக்கு எடுத்துவிடுங்கள், ஆகஸ்ட்டில் நான் வரும்போது புதுப் பல் வைத்துக்கொள்ளலாம்' என்கிறான். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கையில் காசும் இல்லை. எனக்கு ஏழு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.4. நான் என்ன செய்யட்டும்?"

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

வலி நின்று இரண்டு வாரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி அதுதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். சூடு பட்டால் கால் மணி நேரம் நீடித்த வலி, பல்லுக்குள் இருக்கும் நரம்பும் இரத்தக் குழாயும் இனி மீள முடியாத அளவுக்குப் புண்பட்டிருந்ததைக் காட்டுகிறது. அப்படித் தெறித்த வலி தானாகவே அடங்கிவிட்டது என்றால், உள்ளே இருந்த நரம்பு இறந்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் பொருள். இறந்த திசுவில் கிருமிகள் பெருகி, வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கத் தொடங்கும்; அது வீக்கமாக வெளியே தெரிவதற்குச் சிலருக்கு வாரங்களும் சிலருக்கு மாதங்களும் ஆகலாம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் கட்டும் சீழ் தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் பரவக்கூடியது. ஆகவே தாடைக்குக் கீழே வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கச் சிரமம், காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும், நள்ளிரவானாலும் பொருட்படுத்தாமல், உடனே இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சர்க்கரை உள்ள உடம்பில் அது உயிரைக் காக்கும் அவசரம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பல்லுக்குள் இரத்த ஓட்டம் நின்றுவிட்ட பிறகு, விழுங்கிய மாத்திரை அந்தப் பல்லுக்குள் போய்ச் சேர வழியில்லை.

எனவே ஆகஸ்ட் வரை பல்லை இப்படியே விட்டுவைப்பது என்பதை முதலில் நீக்கிவிடலாம். மிச்சமிருப்பது, இப்போது பல்லைக் காப்பதா, இப்போது எடுப்பதா என்ற கேள்வி மட்டுமே.

இரண்டு மருத்துவர்களும் இரண்டு விதமாகச் சொன்னதால், ஒருவர் தெரியாமல் சொல்கிறார் அல்லது காசுக்காகச் சொல்கிறார் என்ற எண்ணம் உங்கள் வீட்டில் எழுந்திருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பழைய அடைப்பு இன்னும் பல்லுக்குள்தான் இருக்கிறது. அதற்கு அடியில் எவ்வளவு சொத்தை பரவியிருக்கிறது, உடைப்பு ஈறுக்குக் கீழே எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது, வேரில் விரிசல் ஓடியிருக்கிறதா என்பதை அடைப்பைக் கழற்றாமல் யாராலும் முழுமையாகச் சொல்ல முடியாது. ஒருவர் நல்லபடியாக இருக்கும் என்று எண்ணிச் சொல்லியிருக்கிறார், மற்றவர் மோசமாக இருக்கும் என்று எண்ணிச் சொல்லியிருக்கிறார். உடைந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் எவ்வளவு போய்விட்டது என்றுதான் கேட்கிறார்கள்; நாங்கள் பார்க்க வேண்டியது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை. அதனால் என் முதல் ஆலோசனை, இராமநாதபுரத்து மருத்துவரிடமே போய், "வேர் சிகிச்சையைத் தொடங்குவதற்கு முன்னால் பழைய அடைப்பையும் சொத்தையையும் முழுவதும் எடுத்துவிட்டு, இந்தப் பல் தாங்குமா என்று பார்த்துச் சொல்லுங்கள், தாங்காது என்றால் அன்றைக்கே நிறுத்திவிடலாம்" என்று கேட்பதுதான். மரத்துப்போகும் ஊசி போட்டு அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய வேலை அது. இந்த அரை மணி நேரத்தைச் செலவிடாமல் எடுக்கப்படும் எந்த முடிவும் ஊகம்தான்.

அடைப்பை எடுத்த பிறகு மருத்துவர் முதலில் பார்ப்பது, ஈறுக்கு மேலே நல்ல பல்சுவர் எவ்வளவு நிற்கிறது என்பதை. உலக்கையின் அடியில் பூண் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பூண் மரத்தைச் சுற்றிலும் கவ்விப் பிடித்திருப்பதால்தான் எத்தனை குத்து குத்தினாலும் உலக்கை பிளப்பதில்லை. கேப் செய்யும் வேலையும் அதுதான். அது கவ்விப் பிடிப்பதற்குச் சுற்றிலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சொந்தப் பல் இருக்க வேண்டும். உள்ளே மருத்துவர் வைத்துக் கட்டும் சிமென்ட்டையோ கம்பியையோ மட்டும் கவ்விக்கொண்டு நிற்கும் கேப் சில ஆண்டுகளில் கழன்றுவிடும், அல்லது வேரோடு பிளந்துகொண்டு வரும். உங்களுக்கு மூன்று பக்கச் சுவர் நிற்கிறது, நாக்குப் பக்கம் மட்டும் போயிருக்கிறது. அந்தப் பக்கத்து உடைப்பு ஈறு மட்டத்திலேயே நின்றிருந்தால், ஈறையும் அதன் அடியில் இருக்கும் எலும்பின் விளிம்பையும் சிறிது செதுக்கி, தேவையான உயரத்தை வெளியே கொண்டுவரலாம். ஆனால் கீழ்க் கடைவாய்ப் பல்லின் இரண்டு வேர்களும் பிரியும் கவடு ஈறுக்குக் கீழே சில மில்லிமீட்டரிலேயே இருக்கிறது. செதுக்கிக்கொண்டே போய் அந்தக் கவட்டைத் திறந்துவிட்டால், பிறகு அங்கே சோறும் கிருமியும் அடைந்து, காப்பாற்றிய பல்லே ஈறுநோயால் போய்விடும். உடைப்பு அவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருந்தால் நான் பல்லைக் காப்பாற்றச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது விரிசல். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் பனங்கற்கண்டு, கொட்டைப்பாக்கு, நண்டுக்கால் என்று கடினமானதைக் கடித்து உடைந்த பல்லில் சுவர் பெயர்ந்ததோடு கதை முடிவதில்லை. பெயர்ந்த சுவர் கண்ணுக்குத் தெரியும். பல்லின் தரையில் மயிரிழைபோல ஓடி வேருக்குள் இறங்கும் விரிசல் தெரியாது, எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. அதைத் தேடுவதற்குச் சில வழிகள் உண்டு. நீல நிறச் சாயத்தைப் பல்லின் உள்தரையில் தடவிக் கழுவினால், நல்ல பரப்பிலிருந்து சாயம் போய்விடும், விரிசலில் மட்டும் மெல்லிய நீலக்கோடாகத் தங்கிவிடும். விளக்கைப் பல்லின் ஒரு பக்கத்தில் வைத்தால், விரிசல் இல்லாத பல் முழுவதும் ஒளிரும். விரிசல் இருந்தால் ஒளி அந்தக் கோட்டோடு நின்றுவிடும், மறுபக்கம் இருட்டாக இருக்கும். மூன்றாவது வழி மிகவும் எளியது, கருவி ஒன்றும் பெரிதாக வேண்டியதில்லை. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் விட்டுப் பல்லைச் சுற்றிவருவோம். ஆரோக்கியமான இடத்தில் அது 2 அல்லது 3 மில்லிமீட்டரில் தட்டி நிற்கும். சுற்றிலும் 3 என்று காட்டிக்கொண்டு வந்த கம்பி, ஓர் இடத்தில் மட்டும் திடீரென 8 அல்லது 9 வரை இறங்கி, அரை மில்லிமீட்டர் நகர்த்தியதும் மறுபடி 3-க்கு வந்துவிட்டால், அந்த இடத்தில் வேர் நெடுகப் பிளந்திருக்கக்கூடும் என்று வலுவாகச் சந்தேகிக்க வேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஒருமுறை நானே இதில் தவறினேன் என்பது. பாம்பனைச் சேர்ந்த ஒரு சம்மாட்டி (படகு உரிமையாளர்) இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லோடு என்னிடம் வந்தார். கம்பி ஓர் இடத்தில் ஆழமாக இறங்கியதை நான் பார்த்தேன். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது, அவரும் எப்படியாவது பல்லைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டார், எனக்கும் என் கைமீது நம்பிக்கை இருந்தது. அந்த ஆழத்தை ஈறுநோய் என்று எழுதிவிட்டு வேர் சிகிச்சை செய்து கேப் போட்டேன். ஓராண்டு கழித்து வெளிப்பக்க ஈறில் சீழ்க்கொப்புளத்தோடு வந்தார். பல்லை எடுத்தபோது பின்வேர் இரண்டாகப் பிளந்திருந்தது. பிளவின் நெடுக எலும்பு அரித்துப் போயிருந்தது. முதல் நாளே எடுத்திருந்தால் நேராக இம்ப்ளான்ட் வைத்திருக்கக்கூடிய இடத்தில், எலும்புத்தூள் வைத்து வளர்த்து, ஆறு மாதம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அவருக்கு இரண்டு செலவு வைத்தது நான்தான். உங்கள் மகனின் அச்சம் வெறும் அச்சம் இல்லை என்பதை அந்த அனுபவத்தை வைத்தே ஒப்புக்கொள்கிறேன். வேர் பிளந்த பல்லில் பணத்தைப் போடாதீர்கள். மதுரை மருத்துவர் அப்படி ஒரு பிளவைப் பார்த்துத்தான் சொன்னாரா என்பதையும் அவரிடமே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். காரணத்தைக் கேட்பதில் தவறில்லை, எந்த நல்ல மருத்துவரும் அதற்கு வருத்தப்பட மாட்டார்.

விரிசல் இல்லை, சுவர் போதுமான அளவு நிற்கிறது, பல் ஆடவில்லை என்று மூன்றும் தெரிந்துவிட்டால், என் பதில் தயக்கமில்லாமல் காப்பாற்றுங்கள் என்பதே. அந்தப் பல் உங்களுக்கு ஆறு வயதை ஒட்டி முளைத்தது. 40 ஆண்டுகளாக உங்களுக்கு உழைத்திருக்கிறது. முறையாக வேர் சிகிச்சை செய்து கேப் போட்ட பல்லும், முறையாக வைத்த ஒற்றைப் பல் இம்ப்ளான்ட்டும் பத்தாண்டுக் கணக்கில் ஏறத்தாழ ஒரே அளவுக்கு நிலைக்கின்றன என்றுதான் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நிலைப்பதில் பெரிய வேறுபாடு இல்லாதபோது, எது திரும்பப் பெற முடியாதது என்பதைப் பார்க்க வேண்டும். காப்பாற்றிய பல் 10 அல்லது 15 ஆண்டுகள் கழித்துப் போனால், அப்போது உங்களுக்கு 56 அல்லது 61 வயது. இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ள அது தடையான வயது இல்லை. இன்று எடுத்த பல்லை நாளை திரும்ப வைக்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு, கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். சாளை மீனை மெல்லும்போது மயிர்போன்ற ஒரு முள் பல்லுக்கிடையில் வந்தால் உடனே தெரிந்துவிடுகிறது, நாக்கு அதை ஒதுக்கிவிடுகிறது. நண்டுக்காலை மெல்லும்போது எதிர்பாராமல் ஓட்டுத் துண்டு ஒன்று சிக்கினால், நீங்கள் நினைப்பதற்கு முன்பே தாடை தானாகத் திறந்துகொள்கிறது. இதைச் செய்வது பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையில் இருக்கும் ஒரு நார்ப்படலம். அதன் தடிமன் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குள் இருக்கும் நரம்பு முனைகள்தாம் எதை எவ்வளவு அழுத்தமாகக் கடிக்கிறோம் என்பதைச் சொல்கின்றன. வேர் சிகிச்சையில் பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்தாலும் வெளியே இருக்கும் இந்தப் படலம் அப்படியே இருக்கும். பல்லை எடுக்கும்போது அதுவும் போய்விடும். இம்ப்ளான்ட் எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொள்வதால் அதைச் சுற்றி அந்தப் படலம் மறுபடி உண்டாவதில்லை. அதில் மெல்ல முடியும், நன்றாகவே முடியும். ஆனால் அந்த நுண்ணுணர்வு மங்கிவிடும்.

இதனால் இம்ப்ளான்ட்டை நான் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். நானே பலருக்கு வைக்கிறேன். சுவீடனைச் சேர்ந்த பேராசிரியர் பெர்-இங்வார் பிரோனமார்க், 1950-களில் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைப் பின்னர் கழற்ற முடியாமல் போனதைக் கவனித்து, அந்த உலோகத்தோடு எலும்பு ஒட்டி வளர்கிறது என்று கண்டுகொண்டார். 1965-இல் பற்கள் இல்லாமல் தவித்த ஒருவரின் கீழ்த்தாடையில் முதன்முதலாக அதைப் பொருத்தினார். அந்த நோயாளி 40 ஆண்டுகளுக்கு மேல், தம் வாழ்நாளின் இறுதிவரை, அவற்றைக் கொண்டே சாப்பிட்டார். இல்லாத பல்லுக்கு இதைவிடச் சிறந்த மாற்று எங்களிடம் இன்றுவரை இல்லை. காப்பாற்றக்கூடிய பல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கலாமா என்பதில்தான் என் கருத்து வேறுபடுகிறது. "நிரந்தரம்" என்ற சொல்லையும் சற்று எச்சரிக்கையோடு கேளுங்கள். இம்ப்ளான்ட்டில் சொத்தை வராது என்பது உண்மை. அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழுகுவது உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகையிலை பழக்கம் உள்ளவர்களுக்கும் அது கூடுதலாக வருகிறது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உங்களுக்கு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், எந்த வழியைத் தேர்ந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

உங்கள் 8.4 என்ற எண் இந்த முடிவில் பெரிய பங்கு வகிக்கிறது. மூன்று மாதச் சராசரி 7.5-க்கு மேல் இருக்கும்போது அவசரமில்லாத இம்ப்ளான்ட் அறுவையை நான் தள்ளிவைத்துவிடுவேன். எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆகிறது; அந்த மாதங்களில் சர்க்கரை கூடியே இருந்தால் புண் ஆறுவது தாமதமாகி, ஒட்டாமலே போகும் வாய்ப்பு கூடுகிறது. வேர் சிகிச்சையை அப்படித் தள்ளிவைக்கத் தேவையில்லை, தள்ளிவைக்கவும் கூடாது. வாயில் இருக்கும் கிருமித் தொற்றே சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால் அதை அகற்றுவது உங்கள் சர்க்கரை மருத்துவருக்கும் உதவியாக இருக்கும். சிகிச்சை நாளன்று காலைச் சாப்பாட்டையும் மாத்திரையையும் வழக்கம்போல எடுத்துக்கொண்டு போங்கள். பயத்தில் வெறும் வயிற்றோடு வந்து நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி மயங்கியவர்கள் உண்டு. இதயத்துக்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ எலும்புத் தேய்வுக்கோ மாத்திரை, ஊசி எதுவும் எடுத்துக்கொண்டால் மருந்துச்சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். எலும்புத் தேய்வுக்கான சில மருந்துகள் பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு ஆறுவதையே பாதிக்கக்கூடியவை.

இனிக் காசும் காலமும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது வீட்டில் பணம் புரளாது என்பது இந்தக் கரையில் வேலை செய்கிற எனக்குத் தெரியாததல்ல. அந்த இரண்டு மாதத்தில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர்களின் எண்ணிக்கை கூடுவதையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன். பிடுங்குவது மலிவு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருப்பதில்லை. உங்கள் சிகிச்சையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். வேர்களுக்குள் இருக்கும் மூன்று, சிலருக்கு நான்கு, நுண்குழாய்களையும் சுத்தம் செய்து, ரப்பர் போன்ற கட்டாபெர்ச்சா என்ற பொருளை வைத்து அடைக்கும் வேலை காத்திருக்காது; அதை இந்த வாரமே தொடங்கிவிட வேண்டும். அது முடிந்ததும் பல்லின் உள்ளே உறுதியான அடைப்பு வைத்து, மேல்முனைகள் எதிர்ப்பல்லில் இடிக்காதபடி சற்றுத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். கேப்புக்கான செலவைப் படகுகள் மறுபடி கடலுக்குப் போன பிறகு, ஜூன் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் மேல் தள்ளிப்போட வேண்டாம். வேர் சிகிச்சை செய்தபின் வலி இல்லை என்பதற்காகக் கேப் போடாமல் விட்ட கடைவாய்ப் பற்கள் பிளந்து வருவதை நான் பார்க்காத மாதம் இல்லை. கேப் போடும் நாள் வரை இடப்பக்கமாக மட்டும் மெல்லுங்கள். தனியார் கட்டணம் கட்டுப்படாது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் முதலில் கேளுங்கள். இராமேசுவரம்–திருச்சி ரயில் பாதையிலேயே இருக்கும் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

வேர் சிகிச்சை நடக்கும்போது பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு ஒன்றை மாட்டுகிறார்களா என்று பாருங்கள். எச்சில் உள்ளே போகாமல் தடுக்கவும், கழுவும் மருந்தும் ஊசிபோன்ற கருவிகளும் தொண்டைக்குள் விழாமல் காக்கவும் அது வேண்டும். மாட்டாவிட்டால் மாட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அடைப்பை எடுத்துப் பார்த்தபின் பல்லைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தால், அப்போது தயங்காமல் எடுத்துவிடுங்கள். ஆனால் எடுப்பதிலும் முறை இருக்கிறது. முறுக்கிப் பிடுங்காமல், இரண்டு வேர்களையும் தனித்தனியாக வெட்டிப் பிரித்து, சுற்றியுள்ள எலும்புச் சுவர் உடையாமல் மெதுவாக எடுக்க வேண்டும். பின்னால் இம்ப்ளான்ட் வைக்கப்போகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல் போன இடத்தில் எலும்பு சும்மா இருப்பதில்லை, முதல் ஓராண்டிலேயே அகலத்தில் பாதிவரை கரைந்துவிடக்கூடும், அதிலும் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே போய்விடும். ஆகஸ்ட்டில் மகன் வரும்போது புண் ஆறி எலும்பும் ஓரளவு நிரம்பியிருக்கும் என்பதால் அந்தக் கணக்கு தவறானதில்லை. அதற்குள் சர்க்கரையை இறக்கவும் உங்களுக்கு நேரம் கிடைக்கும். அப்போது வைக்கும் ஆணி எலும்போடு ஒட்ட மேலும் மூன்று மாதம் போல ஆகும், மேலே பல் பொருத்துவது நவம்பர், டிசம்பரில்தான் நடக்கும். மகன் விடுமுறை முடிந்து திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால், எப்படி என்று விளக்கமாகக் கேளுங்கள். அறுவைக்கு முன் முப்பரிமாண ஸ்கேன் எடுப்பது கட்டாயம். கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு கொடுக்கும் நரம்பு ஓடுகிறது. ஆணியின் நுனி அதிலிருந்து குறைந்தது 2 மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். வைத்த ஆணியின் நிறுவனப் பெயர், அளவு, தொகுப்பு எண் மூன்றும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். ஐந்தாண்டு கழித்து உள்ளே இருக்கும் திருகு தளர்ந்தால், அந்த நிறுவனத்துக்கான திருப்புளி இல்லாமல் எந்த மருத்துவராலும் அதைத் தொட முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கும் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் மதுரைக்குப் போய்வர ஒரு முழு நாளும் பேருந்துச் செலவும் ஆகும் என்பதையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்டு கட்டும் செயற்கைப் பல்லான பிரிட்ஜ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் இருக்கும் நல்ல பற்களைச் செதுக்கித்தான் அதைக் கட்ட வேண்டும் என்பதால், அந்தப் பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்பு இருந்தாலொழிய உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

செலவைப் பொறுத்தவரை, இம்ப்ளான்ட்டுக்கு ஆகும் மொத்தத் தொகை, வேர் சிகிச்சையும் கேப்பும் சேர்ந்ததைப்போல் இரண்டு மூன்று மடங்காவது வரும். ஆகவே மகனிடம் இப்படிப் பேசிப் பாருங்கள். இம்ப்ளான்ட்டுக்கென்று அவர் எடுத்துவைக்கும் தொகையில் ஒரு பகுதியை இப்போதே அனுப்பச் சொல்லுங்கள், அது வேர் சிகிச்சைக்குப் போதும். அடைப்பைக் கழற்றிப் பார்த்த அன்று மருத்துவர் சொன்னதையும், ஈறைச் சுற்றிக் கம்பி காட்டிய அளவுகளையும், அன்றைக்கு எடுத்த எக்ஸ்ரேயையும் கைப்பேசியில் படம் பிடித்து அவருக்கு அனுப்பிவையுங்கள். மூன்று மில்லிமீட்டரா, எட்டு மில்லிமீட்டரா என்பது சிங்கப்பூரில் இருந்து பார்த்தாலும் ஒன்றுதான். அந்த விவரங்களை எனக்கும் எழுதினால், கேப் போடும் முன் மறுபடி ஒருமுறை பார்த்து என் கருத்தைச் சொல்கிறேன்.